அந்தோணி அண்ணனும் அந்தக் கல்குவாரியும்

குன்னூரில் மாத்திரை வாங்கிக்கொண்டு மஞ்சூர் பஸ்ஸில் ஏறியபோது டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டு காலியாக இருந்தது. அந்தோணி அண்ணன் இன்றைக்கு வரவில்லையா என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "காலையிலங்க அக்கா. தூக்கத்துலயே போயிட்டாராம். உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?" என்றார். சொல்லியிருப்பார்கள். என் போனில்தான் பாதி வழிக்குச் சிக்னல் கிடையாது. வழியில் ஏறிய ஒரு பெண் முட்டைக்கோஸ் மூட்டையோடு அந்த சீட்டில் உட்கார்ந்தார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டத் தொழிற்சங்கக் கிளைக்கு அவர் செயலாளர், நான் பொருளாளர். அவர் மருந்தடிக்கும் வேலையில் இருந்தவர், நான் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலித்தவள். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பதவிகள் எங்களை விட்டுப் போகவில்லை. வேறு யாரும் அவற்றைக் கேட்காததே காரணம்.

அண்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. மலையில் இருக்கும் எல்லா அதிகாரிகளையும் தனக்குத் தெரியும் என்பார். பஸ் ஒவ்வொரு அலுவலகத்தைக் கடக்கும்போதும் "நம்ம ஆபீசு" என்று கை காட்டுவார். கலெக்டர் ஊருக்குப் போவதென்றால் உங்களிடம் லீவு சொல்லிவிட்டுத்தான் போவாரா அண்ணா என்று நான் கேட்டதுண்டு. "நீ சிரி அம்மிணி. காரியம்னு வந்தா எங்கிட்டத்தான வருவ" என்பார். உண்மைதான், போயிருக்கிறேன். லயத்து வீடு ஒழுகினாலும், பிரசவ லீவு மறுக்கப்பட்டாலும், குன்னூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால் போய் நின்று முடித்துக்கொண்டு வருபவர் அவர்தான்.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு கல்குவாரி இருந்தது. இப்போது மூடிக் கிடக்கிறது. அங்கே பாறையில் வெடிக்குத் துளை போடும் வேலை செய்தவர் பெருமாள். அவர் மனைவி தனலட்சுமி எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அந்த உறவில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாளும் வேறு சிலரும் எங்கள் சங்கத்துக்கு வந்தார்கள். பாறையைப் படிப்படியாக வெட்டி இறக்காமல் அடியைக் குடைந்துகொண்டே போகிறார்கள் என்றும், மேலே நெற்றி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்திலிருந்து பொடிக்கல் உதிர்கிறது என்றும் சொன்னார்கள். முதலாளியிடம் சொன்னால், பார்த்துக்கொள்ளலாம் என்கிறாராம். அதற்குக் கீழே நின்றுதான் பெருமாள் துளை போட வேண்டும். பயமாக இருக்கிறது என்று அவர் வெட்கப்படாமல் சொன்னார். அண்ணன் அவர் தோளில் தட்டி, "வுடு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குன்னூருக்குப் போனார். எங்கே? அவருக்குத் தெரிந்த அதே தொழிலாளர் அதிகாரியிடம். தேயிலைத் தோட்டத்துக்காரர்களான எங்களுக்குப் புகார் என்றால் அந்த ஒரு கதவுதான். தண்ணீர் வராவிட்டாலும் அங்கேதான், சிறுத்தை வந்தாலும் முதலில் அங்கேதான். அந்த அதிகாரி நல்ல மனிதர். இது தன் கைக்குள் வருவதில்லை, உரிய இடத்துக்கு அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லி, சொன்னபடியே அனுப்பினார். உரிய இடம் எது என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவர் ஆகிவிடுவார் இல்லையா? திரும்பி வந்து, காரியம் முடிந்த மாதிரிதான் என்று எங்களிடம் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

காகிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட முதல் நாள் பாறை இறங்கியது. பெருமாளைத் தவிர மற்றவர்கள் டீ குடிக்க விலகியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். கூட்டமாக நின்ற எங்களைப் பார்த்து, இப்படி இருப்பதை ஏன் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். போனில் சொன்னாலே போதும், சொன்னவர் பெயரை முதலாளியிடம் நாங்கள் சொல்லக் கூடாது, அதுதான் சட்டம் என்றார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. அண்ணன் முன்னால் போய், "இது சுரங்கமாங்க சார்? நாங்க கல்குவாரின்னு இருந்துட்டமுங்க" என்றார். கல் வெட்டி எடுக்கும் இடமும் சட்டத்தில் சுரங்கம்தான், அது பூமிக்கு அடியில் இருக்க வேண்டியதில்லை என்று அந்த அதிகாரி விளக்கினார்.

அதன் பின் அண்ணன் பஸ்ஸிலிருந்து ஆபீசுகளைக் கை காட்டுவதை நிறுத்திவிட்டார். மேட்டுப்பாளையம் வரை இறங்கிப் போய், கல்லேற்றும் லாரிகள் நிற்கும் டீக்கடைகளில் உட்காருவார். குவாரி ஆட்களோடு பேச்சுக் கொடுப்பார். "நீங்க யாருன்னு தெரியுமாங்க? சுரங்கத் தொழிலாளிங்க நீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடியும்வரை இருந்து, சொல்ல வேண்டியதைச் சொல்வார். முதலில் உங்கள் மேஸ்திரியிடமும் மேனேஜரிடமும் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டால் சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நேரே சொல்லுங்கள், நடுவில் யாரையும் வைக்காதீர்கள். எந்தக் குவாரி, எந்தப் பக்கத்துப் பாறை, எவ்வளவு உயரம், அடியில் எவ்வளவு குடைந்திருக்கிறது, வெடி எப்போது வைக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். குவாரி ஆபீஸ் போனிலிருந்து பேசாதீர்கள். பதில் வரும்வரை அந்தப் பாறைக்குக் கீழே நிற்காதீர்கள். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. ஓரிடத்தில் புகார் போய், அதிகாரி வந்து, பாறையைச் சரிசெய்யும்வரை அந்தப் பக்கத்து வேலையை நிறுத்தச் சொன்னார். வேலை இழந்த ஒருவர் மஞ்சூர் வரை வந்து, எங்கள் சங்க வாசலில் நின்று அண்ணனைத் திட்டித் தீர்த்தார். நான் எழுந்து பதில் சொல்லப் போனேன். அண்ணன் என்னை உட்காரச் சொன்னார். வந்தவருக்கு டீ வரவழைத்து, அவர் குடித்து முடித்த பிறகு, "திட்டறதுக்கு நீங்க இருக்கறீங்களே, அது போதுமுங்க" என்றார். அந்த ஆள் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். சமாதானமாகிப் போனாரா என்று எனக்குத் தெரியாது.

தனலட்சுமி விஷயம்தான் அவரைத் தின்றது. தன் புருஷனுக்காகக் குன்னூர் வரை போனவர் என்று அவளுக்கு அவர்மேல் தனி மரியாதை. வீட்டுக்குப் பின்னால் விளையும் பீன்ஸிலும் கேரட்டிலும் முதல் பறிப்பு ஒரு பையில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடும். அந்தப் பை வந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிட மாட்டார் என்று அவர் மகள் சொல்வாள். ஒருமுறை பஸ்ஸில் என்னிடம் அவரே சொன்னார். "தப்பான கதவத் தட்டுனவன் நானுன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாது அம்மிணி. சொல்லணும்னுதான் போவேன். அவ காப்பி போட்டுக் குடுத்துடுவா. குடிச்சுட்டு வந்துடுவேன். எனக்கப்பறமாச்சும் நீ சொல்லிடு." சரி என்றேன்.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தபோது தனலட்சுமி கேட் ஓரமாக நின்றிருந்தாள். இதைச் சொல்ல அதுவா நேரம் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் வாக்கு வாக்குதான். அண்ணன் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார் என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுமுங்க அக்கா. அந்த ஆபீசரு வந்தன்னைக்கு நானும் அங்கதான நின்னுட்டிருந்தேன். 'இது சுரங்கமா'ன்னு அண்ணன் கேட்டாருல்லீங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு. அவரு வாயால சொல்லுவாருன்னு ஒவ்வொரு தடவையும் பாத்துட்டே இருந்தனுங்க. சொல்லியிருந்தா நானும் அவருகிட்ட சொல்லியிருப்பேன், 'அவருக்கும் தெரியாதுங்கண்ணா'ன்னு. சாகற வரைக்கும் சுரங்கத்துலதான் வேல செய்யறோம்னு என் ஊட்டுக்காரருக்கே தெரியாது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. இத்தனை வருஷமும் ஒருவர் சொல்லக் காத்திருந்தார், ஒருவர் கேட்கக் காத்திருந்தார். நடுவில் காப்பி மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

அந்தோணி அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு வாக்கியம். அந்த அதிகாரி வந்து போன பிறகு, யார் எந்தக் குறையோடு சங்கத்துக்கு வந்தாலும், அவர் முதலில் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரியலைங்க. இது யாரு பாக்கற வேலைன்னு கேட்டுச் சொல்றேன்." செயலாளர் நாற்காலி இப்போது காலி. வருகிறவர்களிடம் நானும் அதையே சொல்கிறேன். எல்லோரிடமும் கூச்சமில்லாமல் அவர் சொன்ன அந்த 'எனக்குத் தெரியலைங்க' என்பதை, காப்பி ஆறுவதற்குள் ஒரே ஒரு தடவை தனலட்சுமியிடமும் சொல்லியிருக்கலாம்.