கட்டிங் அக்காவின் வலது தோள்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கட்டிங் அக்கா என்றால்தான் தெரியும். அவளைவிட மூத்தவரான முதலாளியும் அக்கா என்றேதான் கூப்பிடுவார். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு அட்டையை வைத்துக் குண்டூசி குத்தி, சாக்கட்டியால் கோடு இழுத்து, சாண் நீள அலகுள்ள கத்திரியால் வெட்டுவது அவள் வேலை. தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு பிசகினால் அடுக்கு மொத்தமும் கந்தல். அதனால் மெஷினில் உட்காரும் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்வார்கள்.

அப்படிப்பட்டவளின் வலது தோள் ஒரு கோடையில் பூட்டிக்கொண்டது. முதலில் தலை வாரக் கை எழும்பவில்லை. பிறகு மேசையின் எதிர் விளிம்பு எட்டவில்லை. அதன்பின் தூக்கம் போயிற்று. வலப்பக்கம் புரண்டால் யாரோ தோளுக்குள் கடப்பாரையை விட்டுக் கிண்டுவது போலிருக்கும். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகிவிட்டது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வருவதுண்டு, மெல்லத் தளரும், ஆனால் நாளாகும் என்றார். மாத்திரை கொடுத்தார். சுவரில் விரலால் ஏறுவது போல ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். மாத்திரை வயிற்றை எரித்தது. வலியில் விரல் சுவரில் இடுப்புயரத்தைத் தாண்டவில்லை.

நாளாகும் என்ற சொல்தான் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பள்ளி திறக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வெல்லம் தடவிப் பேசினார். அக்கா இனிமேல் காஜா பட்டன் பக்கம் உட்காரட்டும், உட்கார்ந்து செய்கிற வேலை உடம்புக்கு நல்லது, வெட்டு மேசையைத் தன் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வான் என்றார். மாப்பிள்ளை அதுவரை வெட்டியதெல்லாம் கடைத் திறப்பு விழா ரிப்பன்தான் என்று மெஷின் பெண்களில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

கட்டிங் அக்கா உட்காரவில்லை. சீருடைத் துணி வந்து இறங்கும் நாளில் இந்த மேசையில் நான்தான் நிற்பேன் என்றாள். அன்றைக்கு முடியாவிட்டால் பட்டன் மேசைக்கல்ல, நேராக வீட்டுக்கே போய்விடுவதாகவும் சொன்னாள்.

முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர் போய் வந்த மெஷின்காரி ஒருத்தி வழி சொல்ல, அவளும் போவதென்று முடிவெடுத்தாள். வீட்டில் அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. வேன் ஓட்டும் வீட்டுக்காரர், காலமெல்லாம் ஊசியோடு மாரடிக்கிறவள் கூலி கொடுத்து ஊசி குத்திக்கொள்ளப் போகிறாளாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தார். அவள் தம்பி ஒருபடி மேலே போய், ஊசி குத்தினால் காற்று இறங்கும், வலி இறங்குமா என்று கேட்டான். உன் வாயில் ஒன்று குத்திப் பார்க்கலாம், எது இறங்குகிறதென்று தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போக வேண்டிய அறை அது. ஒரு கட்டில், பச்சைத் திரை, ஸ்பிரிட் வாசனை. ஊசி போடுகிறவள் கட்டையான, கறாரான பெண்மணி. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி முழுதாகப் படித்தாள். நாடி பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு உறையைக் கிழித்து, மயிரிழை போன்ற ஊசியை முழங்காலுக்குக் கீழே வைத்தாள்.

"வலி தோள்லம்மா. நீங்க கால்ல குத்துறீங்க."

"பல்பு மேல எரியுது. சுவிட்சை எங்க போடுறோம்?"

"எங்க பட்டறையில ரெண்டுத்துக்கும் நடுவுல ஒயர் இருக்கு."

"இங்கயும் இருக்குன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. நீங்க நம்ப வேண்டாம், அசையாம படுத்தா போதும்."

எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், பிறகு ஒரு கனம், அவ்வளவுதான். காலிலும் கையிலும் தோளிலுமாக ஊசிகளை வைத்துவிட்டு அந்தப் பெண்மணி திரைக்கு அப்பால் போனாள். கட்டிங் அக்கா படுத்துக்கொண்டு தன் காலைப் பார்த்தாள். ஊசிகள் வரிசையாக நின்றன. பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. துணியில் குத்திய ஊசியை எடுக்காமல் கண்ணை அப்பால் திருப்பும் வழக்கம் அவள் மேசையில் கிடையாது. ஒன்று தப்பினால் கத்திரி அலகில் பல் விழும், இல்லையென்றால் எந்தப் பிள்ளையின் இடுப்பிலாவது ஏறும். இடது கை தானாகவே நீண்டது. திரும்பி வந்தவள் பார்த்தபோது ஊசிகள் அத்தனையும் தலையணை விளிம்பில் ஒரே சீராக, ஒரே சாய்வில் குத்தப்பட்டிருந்தன.

அந்தப் பெண்மணிக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனையும் குப்பைக்கு, தலையணை உறை துவைக்க, முதலிலிருந்து எல்லாம் மறுபடி. இந்த முறை நோயாளியின் இடது கையில் ஒரு துண்டைக் கொடுத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு கண்டிப்பாகச் சொன்னாள்: "இது மந்திரம் இல்ல. வலியைக் கொஞ்சம் தணிக்கும், தூக்கம் வரும். அந்த நேரத்துல சுவர்ப் பயிற்சியை நீங்கதான் செய்யணும். இதை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்துனீங்கன்னா இந்தப் படி ஏறாதீங்க."

குணப்படுத்தியே தீருவேன் என்று சொல்லியிருந்தால் கட்டிங் அக்கா மறுமுறை வந்திருக்க மாட்டாள். இந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் வாரங்களில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்காரர் தினமும் சாப்பிடும்போது, எத்தனை ஓட்டை ஆச்சு, சல்லடை ஆகிவிட்டாயா என்று விசாரிப்பார். அவள் எழுந்து போய்ச் சுவரில் விரலை ஏற்றுவாள். பிறகு ஒரு விடியலில் கண் விழித்தபோதுதான் தான் வலப்பக்கம் படுத்திருப்பது அவளுக்கே தெரிந்தது. தூக்கம் திரும்பியதும் சோறு இறங்கியது. எரிந்து விழுவது குறைந்தது. பயிற்சியில் விரல்கள் இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, காலண்டர் ஆணியைத் தொட்டன. அது பயிற்சியால் வந்தது என்றார் வீட்டுக்காரர். நாள்பட்டதால் தானாகவே தளர்ந்தது என்றான் தம்பி. அந்தப் பயிற்சியைச் செய்யவிடாமல் வலி கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் இருவரும் என்ன தளர்த்தினீர்கள் என்று அவள் கேட்டாள். அன்றிலிருந்து சல்லடைப் பேச்சு நின்றது.

சீருடைத் துணி வந்து இறங்கியது. முதலாளி மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு மேசைக்கருகில் வந்து நின்றார். மாப்பிள்ளையின் கையில் புது மின்கத்தி, பெட்டி பிரிக்காமல். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கட்டிங் அக்கா யாரையும் பார்க்காமல் துணியை விரித்தாள். அடுக்கைத் தட்டிச் சமன் செய்தாள், அட்டையை வைத்தாள், ஊசி குத்தினாள், கோடு இழுத்தாள். கத்திரி எடுத்து ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனாள். சத்தம் சீராக வந்தது. மேசையின் நடுவுக்குக் கை நீண்டபோது தோளில் பழைய இடம் சுண்டியது. கத்திரி வாய் திறந்தபடி நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

"போதும்க்கா," என்றார் முதலாளி. குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. "வலிக்குது பாருங்க. எதுக்கு இந்த வீம்பு?"

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். கத்திரியைக் கீழே வைக்கவில்லை.

"வலிக்கத்தான் செய்யுது. வலி போயிருச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே மொதலாளி. முன்னாடி வலி மட்டும்தான் இருந்துச்சு, இப்ப கையும் இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கோடு தெரியல."

முதலாளி தள்ளி நின்றார். ஜன்னல் வெளிச்சம் மேசை மீது விழுந்தது. அவள் மேசையைச் சுற்றி வந்து, கை எட்டும் கோணத்தில் நின்றுகொண்டு, விட்ட இடத்தில் அலகைப் பொருத்தினாள்.

"மாப்பிள்ளை தம்பி, அந்தப் பெட்டியைக் கீழ வச்சுட்டு, எதிர் முனையை இழுத்துப் பிடிங்க. தொங்கவிடாதீங்க."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். மாமனார் மெஷின்கள் பக்கம் திரும்பி, என்ன வேடிக்கை, வேலையைப் பாருங்கள் என்றார். மாப்பிள்ளை பெட்டியை வைத்துவிட்டு முனையைப் பிடித்தான்.