எல்லாரும் சுகம்

லண்டன் கிங்ஸ்பரியில் பதினான்கு வருடமாக இருக்கும் செல்வரத்தினத்திடம் ஒரு துவக்கு இருப்பது எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவரை ஏதாவது ஒரு இயக்கத்தில் சேர்த்து, பெரிய பதவியும் கொடுத்து, கோயில் வாசலில் நின்று கதைத்திருப்பார்கள். மனிதர் பாவம். ஊரில் இருந்தபோது வெடிச்சத்தம் கேட்டால் கிணற்றுக்கட்டோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தவர்.

துவக்கும் அப்படிப் பயங்கரமானது அல்ல. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்க மாதிரியைப் பார்த்து இத்தாலிக்காரர் புதிதாகச் செய்து விற்பது. விசையைச் சுற்றி ஒரு வளைந்த லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளித் திரும்ப இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது மேலால் தெறித்து விழும். அடுத்த தோட்டா ஏறி உட்காரும். சுவிஸிலும் பிறகு லண்டனிலும் கடைசல் பட்டறையில் காலம் கழித்த கைக்கு அந்த அசைவு பிடித்துப்போனது. பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இரண்டு இரும்புத் துண்டுகள் முழங்கை மாதிரி மடங்கி நிமிர்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுவதும் இருப்பார்.

அவரைச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனது பட்டறையில் கூட வேலை செய்த பிரையன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் ஆயத்தமோ என்று பொறுப்பாளர் கேட்பார். ஒருவர் கை தூக்கினாலும் மற்றவர்கள் பொறுக்க வேண்டும். செல்வரத்தினம் ஒருநாள் கண்ணாடியைத் துடைக்கக் கை தூக்கினார். ஒன்பது வெள்ளைக்காரர் வாய் திறக்காமல் காத்து நின்றார்கள். இந்தப் பெரிய லண்டனில் அவர் இல்லாமல் ஒரு காரியம் தொடங்காத இடம் அது ஒன்றுதான்.

துவக்கு வீட்டுச் சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைப் பூட்டித் திறக்கும் திறப்பு இருக்கும் இடம் வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது சட்டம். அவர் வீட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? சுவிஸில் அகதி வழக்கு முடிவதற்குள் கல்யாண வயது போய்விட்டது. ஆனாலும் திறப்பை அரிசி வாளிக்குள் ஒளித்துத்தான் வைத்தார்.

சனிக்கிழமைகளில் யோகராஜாவின் பலசரக்குக் கடைக்குப் போவார். யோகராஜா நல்ல மனிதன். காசை வாங்கும்போது, "வீட்டில எல்லாரும் சுகமோ அண்ணை?" என்று கேட்பார். இவரும், "ஓம் தம்பி, எல்லாரும் சுகம்" என்பார். முதல் நாள் வாய்க்கு வந்ததைச் சொன்னார். பிறகு மாற்றிச் சொல்ல வெட்கம். ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய் என்பார்களே, இவருக்கு அது இறைச்சி வைத்துப் பொரித்த றோல்ஸாக வந்தது. வீட்டில் எல்லாருக்கும் என்று நாலு றோல் வாங்குவார். இரண்டைத் தின்று, இரண்டை ஃபிரிட்ஜில் போடுவார்.

துவக்கு லைசன்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நன்றாகத் தெரிந்த இருவர் அவரைப் பற்றி எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கழகச் செயலாளர். மற்றவராக முந்திய இரண்டு முறையும் பிரையன்தான் போட்டார். போன மாரியில் பிரையன் செத்துப்போனார். செல்வரத்தினம் தன் ஃபோனில் உள்ள பெயர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். டொக்டர், பிளம்பர், கவுன்சில். அவ்வளவுதான். படிவத்தை அனுப்ப இன்னும் ஒரு கிழமை இருந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் துவக்கும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

சனிக்கிழமை படிவத்தை யோகராஜாவிடம் நீட்டினார்.

"துவக்கோ அண்ணை?"

"ஓம். கடதாசிக்குச் சுடுறதுதான்."

"சரி, வெள்ளைக்காரர் கோல்ஃப் அடிக்கிற மாதிரி." யோகராஜா சிரித்துக்கொண்டு பேனையை எடுத்தார். பெயரைக் கேட்டு எழுதினார். எத்தனை வருடப் பழக்கம் என்ற இடத்தில் பதினான்கு என்று பெருமையாகப் போட்டார். "வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேட்டிருக்கு. மனிசியின்ர பேர் என்ன?"

"நான் மட்டும்தான்."

"இப்பவோ?"

"எப்பவும் நான் மட்டும்தான்."

யோகராஜா பேனையை வைத்தார். "அப்ப சனிக்கு சனி எல்லாரும் சுகம் எண்டு சொன்னியள்?"

"நீங்கள் கேட்டியள் தம்பி. சொன்னனான்."

பின்னால் நின்ற ஒரு பெண் முருங்கைக்காய்க் கட்டோடு பொறுமையிழந்து அசைந்தாள். யோகராஜா படிவத்தை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். "குறை நினைக்காதேங்கோ அண்ணை. வேற ஃபோம் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பன். இது துவக்கு. உங்களைத் தெரியும் எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

செல்வரத்தினத்துக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது, கோபிக்கவாவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

தவணை முடிவதற்கு முதல்நாள் துவக்குக்கு எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, துவக்கு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். கழகத்துத் துவக்கால் சுடலாம், வாருங்கள் என்று செயலாளர் சொன்னார். இவர் போகவில்லை. இரும்புப் பெட்டி திறந்தபடி கிடந்தது. திறப்பைச் சாப்பாட்டு மேசையில் போட்டிருந்தார்.

மூன்று சனிக்கிழமை வெம்பிளிக்குப் போய்ச் சாமான் வாங்கினார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது சனி திரும்ப யோகராஜாவின் கடைக்கு வந்தார். கண்டதும் யோகராஜாவின் வாய் பழைய கேள்விக்குத் திறந்தது. பிறகு மூடியது.

"நீங்கள் சுகமோ, அண்ணை?"

வழக்கம்போல் நாலு றோலைப் பைக்குள் போடப்போன யோகராஜாவின் கையை அவர் தொட்டு நிறுத்தினார்.

"ஒண்டு போதும், தம்பி."