முதலில் செத்துவிட்டு ஷிப்டுக்குப் போன ஜனாதிபதி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எக்குவடோரை ஆண்ட ஒரு ஜனாதிபதியைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். ரோடு போட்டவர், பள்ளிக்கூடம் திறந்தவர். கத்தோலிக்கர் அல்லாதவருக்குக் குடியுரிமை இல்லை என்றவர், எதிர்த்தவர்களைச் சுட்டவர். கடைசியில் தேவாலயத்திலிருந்து மாளிகைக்குத் திரும்பும்போது அவரையே வெட்டிக் கொன்றார்கள். அவர் கதையை நெய்வேலி டவுன்ஷிப்பில் நாடகமாகப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தப்புக் கண்டுபிடிக்க என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று போன ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

கடலூரில் எட்டேகால் பஸ், நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். குறிஞ்சிப்பாடியில் உட்கார இடம் கிடைத்தது. நெய்வேலியில் இறங்கினால் ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். எந்த பிளாக் என்று சொல்லத் தெரியாவிட்டால் ஊரையே சுற்ற வேண்டியதுதான், நான் சுற்றினேன்.

நாடகம் சர்ச் ஹாலில், பதினொன்றுக்கு. பூசை நீண்டு பன்னிரண்டரை ஆகிவிட்டது. எழுதியவர் ஆரோக்கியமேரி, தையல்கடை வைத்திருக்கிறார். ஜனாதிபதியாக நடிப்பவர் அவர் கணவர், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கூட வேலை செய்பவர் வீட்டில் சாவு என்பதால் அன்று மதியம் தொடங்கும் அவருடைய இரண்டாவது ஷிப்டை இவர் ஏற்றுக்கொண்டிருந்தார். ஒன்றேகாலுக்குக் கம்பெனி பஸ். நாடகமோ ஒன்றரை மணி நேரம்.

“இவுரு சாவுற சீன மொதல்ல போட்டுடறங்க,” என்றார் ஆரோக்கியமேரி. முகம் வாடியிருந்தது. எதிர்த்துச் சுடப்பட்ட ஒருவனின் மனைவி கேட்கும் கேள்விக்கு ஜனாதிபதி கடைசியில் பக்கம் பக்கமாகப் பதில் சொல்வார்; மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய பேச்சு. அதற்காகத்தான் நாடகமே. இனி அது இல்லை.

ஜனாதிபதி படியில் விழுந்து செத்தார். எழுந்து, குங்குமக் கறைச் சட்டையைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுக் கேரியரோடு பஸ் ஏறிப் போய்விட்டார். அவருடைய மீசையின் வடிவம் தவறு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மீதி ஆட்சியெல்லாம் காலி நாற்காலியை வைத்தே நடந்தது. கடைசிக் காட்சியில் அந்த மனைவியாக ஆரோக்கியமேரியே வந்தார். “என் கணவர் செய்த குற்றம் என்ன?” என்று கேட்டுவிட்டு, ஒத்திகைப் பழக்கத்தில் பதிலுக்கு நின்றார். நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமாக அந்த மனிதருக்காக நானே ஏதாவது ஒரு பதில் சொல்லி வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

போகிறவர்கள் பிளாக் எண்ணைக் கேட்டுக்கொண்டு போங்கள். மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போவது நல்லது. அடுத்த நாடகத்தின் தேதியை மட்டும் தையல்கடைக்குப் போய் ஆரோக்கியமேரியிடமே கேட்க வேண்டும். நான் கேட்டபோது நாற்காலியை மடக்கிக்கொண்டே சொன்னார்:

“இன்னும் முடிவு பண்ல. இவுருக்கு ரெண்டாவது ஷிப்டு வர்ற ஞாயித்துக்கெழமயா பாத்துதாங்க வெக்கணும்.”