போன் சிணுங்காத மதியங்கள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டுக்குப் போகும்போது போட்ட கூச்சலை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கிர்ரென்று இழுக்கும், கீச்சென்று கத்தும், கொஞ்ச நேரம் கரகரக்கும், பிறகு சட்டென்று அடங்கிவிடும். அடங்கினால் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நல்லவேளையாகக் கம்ப்யூட்டர் இருந்த உள்ளறைக்கும் பெரியப்பா உட்காரும் முன்னறைக்கும் நடுவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யானை பிளிறினாலும் முன்னறைக்குக் கேட்டிருக்காது.

கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் கவலையும். ஏனென்றால் மதிய நேரத்தில் அந்தக் கூச்சலைக் கிளப்பியது பெரியம்மா.

பெரியப்பாவின் ஒரே மகன், என் அண்ணன், மஸ்கட்டில் வேலையில் இருந்தான். அங்கே பழகிய வேற்று ஜாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, கட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தான். பெரியப்பா ஆரணியே அதிரும்படி ஆடித் தீர்த்தார். அன்று சாயங்காலம் பூஜை மாடத்தில் கற்பூரம் ஏற்றி, "இனிமே அவன்கூட ஒரு வார்த்த பேச மாட்டேன்னு அணைச்சி சத்தியம் பண்ணு" என்று பெரியம்மாவை நிற்க வைத்துவிட்டார். பெரியம்மா உள்ளங்கையால் அணைத்தாள். கை சுட்டதற்கு அம்மாதான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் அண்ணன் பெயரை யாரும் சொன்னதில்லை.

அண்ணனோ லேசில் விடுகிறவன் இல்லை. புடவைக் கடைகளுக்குப் படம் அனுப்புவதற்காக அப்பா ஒரு ஈமெயில் முகவரி வைத்திருந்தார். அதற்கு எழுதிப் போட்டான். அப்பா பெரியப்பாவுக்குத் தெரியாமல் பெரியம்மாவைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். தபால் பார்ப்பதற்கென்று இன்டர்நெட் கம்பெனிக்காரன் சிடியில் கொடுத்த புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. திரையில் ஒரு குட்டிப் படமாக இருக்கும். அதை அழுத்தினால் தானே போன் போட்டு, தானே கூச்சலிட்டு, தானே தபாலை இறக்கிவிடும். கம்ப்யூட்டரில் பெரியம்மாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு படம் மட்டும்தான். அண்ணன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவான். அதைப் படித்துச் சொல்வது என் வேலை. எழுத்துக் கூட்டி, ஒரே ஸ்தாயியில், பாடம் ஒப்பிப்பதுபோல் படிப்பேன். "சாப்ட்டியா அம்மா" என்று நான் படித்தால், பெரியம்மா திரையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவாள். வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்டாள். பேச மாட்டேன் என்றுதானே சத்தியம், கேட்க மாட்டேன் என்று இல்லையே என்பது அவள் கணக்கு.

லைன் ஒன்றுதான். கம்ப்யூட்டர் போன் போட ஆரம்பிக்கும்போது முன்னறையில் இருந்த டெலிபோன் 'டிங்' என்று ஒரு தரம் சிணுங்கும். அந்த நேரத்தில் யாராவது ரிசீவரை எடுத்தால் எங்கள் லைன் அறுந்துவிடும். டெலிபோன் இருந்ததோ பெரியப்பாவின் சாய்வு நாற்காலியை ஒட்டிய ஸ்டூலில். அவர் சாப்பிட்டுவிட்டு அதில்தான் தூங்குவார், ஒரு கையைப் போன் மேல் வைத்தபடி. ஒருமுறை நாங்கள் உள்ளே இருந்தபோது கடைக்காரரிடம் பேசுவதற்காக அம்மா போனை எடுக்கப் போயிருக்கிறாள். பெரியப்பா கண்ணைத் திறக்காமலே, "லைனு பேஜாரா கீது, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம். அம்மா அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தாள். தூக்கத்தில் உளறுகிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அண்ணி உண்டாகியிருக்கும் சேதியும் அப்படி ஒரு மதியத்தில்தான் வந்தது. அதன் பிறகு பெரியம்மாவின் கால் தரையில் நிற்கவில்லை. முழுப் பரீட்சை லீவு விட்டபோது மாதம் நெருங்கிவிட்டது. இன்றோ நாளையோ என்றிருந்த அந்த நேரத்தில்தான் அப்பா பிராட்பேண்டுக்கு மாறினார்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன. ஒரு புடவைப் படம் போய்ச் சேருவதற்குள் வேறொருவர் அந்த ஆர்டரை வாங்கிவிடுவார். அமாவாசையன்று தறி ஓடாது என்பதால் ஆட்களை அன்றைக்கு வரச் சொன்னார். முன்னறையில், டெலிபோனுக்கு மேலே இருந்த பலகையில் வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்து, அதிலிருந்து உள்ளறைக்கு ஒரு புது ஒயரை இழுத்துவிட்டார்கள். அம்மா பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். படங்கள் நொடியில் பறந்தன. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மதியம் பெரியம்மா அந்தக் குட்டிப் படத்தை அழுத்தினாள். கிர் இல்லை, கீச் இல்லை. 'டயல் டோன் இல்லை' என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்து நின்றது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் அதே கட்டம். "இன்னா பாப்பா சொல்லுது?" என்றாள். சொன்னேன். அவள் கைவிரல்களைப் பிசைந்துகொண்டு எழுந்து போனாள்.

சேவூரில் இருந்து கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் வண்டியில் வந்தார். கல்யாணத்துக்குப் போகிற அவசரம் அவருக்கு. உட்காராமலே தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய சாஃப்ட்வேர் சார், இன்னும் போன் லைனையே தேடிகினு கீது. அழிச்சிட்டு வேற போட்டா ஜல்தியா முடிஞ்சிரும்" என்றார். பழைய தபாலெல்லாம் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். அழித்தால் அழிந்ததுதான் என்றார் அவர். பாஸ்வேர்டு தெரிந்தால் அவருடைய சென்டரிலிருந்தே புதுத் தபாலைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்த பாஸ்வேர்டை முதல் நாள் ஒரு தடவை அடித்ததோடு அப்பா மறந்துவிட்டார். அது அந்தப் புரோகிராமின் நினைவில் மட்டும்தான் இருந்தது. பெரியம்மா கதவோரம் நின்றபடி, "அழிக்க வேணாம்" என்றாள். சென்டர்க்காரர் தோளைக் குலுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்பா விடவில்லை. அவர் தறியில் பிறந்து தறியில் வளர்ந்தவர். தறியில் பாவு என்கிற நெடுக்கு நூல் தீர்ந்தால் பழையதை மொத்தமாக உருவி எறிவது எங்கள் வழக்கம் இல்லை. பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதோடு முறுக்கிப் பிணைப்போம். பிறகு பழையதைப் பிடித்து இழுத்தால் புதியது தானாகப் பின்னால் வந்துவிடும். இத்தனை நுணுக்கமான பட்டிலேயே அது நடக்கும்போது, ஒரு ஒயரில் நடக்காதா என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. கம்ப்யூட்டருக்கு லைன் கொண்டுவந்த பழைய போன் ஒயர் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் கழற்றி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதையும் பெட்டியிலிருந்து வந்த புது ஒயரையும் வெட்டித் தோலை உரித்தார். அடுப்படியிலிருந்து சாம்பலைக் கிள்ளி வந்து, பாவு பிணைக்கிற அதே பழக்கத்தில் விரலில் தொட்டுக்கொண்டு, கம்பியோடு கம்பியை முறுக்கினார். பிணைப்பு என்னவோ அழகாகத்தான் வந்தது.

புரோகிராம் திறக்கவில்லை. இன்டர்நெட் போயிற்று. கூடவே டெலிபோனும் செத்துப்போயிற்று.

பெரியப்பா எகிறுவார் என்று நாங்கள் எல்லோரும் ஒடுங்கி நின்றோம். அவர் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார். வைத்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் சாய்ந்தவர், செத்துப்போன போன் மேல் கையை வைத்துக்கொண்டார். அன்று அவர் தூங்கவில்லை, மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

சென்டர்க்காரரைத் தேடிப் பிடிக்க நாள் ஆயிற்று. பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டாள். "பிரசவம்னா சும்மாவா, தூர தேசத்துல பாக்கறதுக்கு யாரு கீறாங்க" என்று அம்மாவிடம் முணுமுணுப்பாள். பெரியப்பா வரும் சத்தம் கேட்டால் இருவரும் முருங்கைக்கீரை ஆய்வதில் மூழ்கிவிடுவார்கள். பூத்துக்குப் போய் ஒரு போன் செய்துவிடலாமே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். பெரியம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அணைத்த கற்பூரம் அணைத்ததுதான் என்று இருந்துவிட்டாள்.

அடுத்த அமாவாசையன்று சென்டர்க்காரர் வந்து சேர்ந்தார். அப்பாவின் பிணைப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "இன்னா சார் இது, ஒயர்ல புடவ நெய்யப் போறீங்களா" என்று சிரித்தார். அப்பா அசடு வழிந்தார். சென்டர்க்காரர் அதைப் பிரித்துப் போட்டு வேறு ஒயர் மாட்டியதும் டெலிபோனுக்கு உயிர் வந்தது. பெட்டியில் விளக்குகள் எரிந்தன. அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். கம்ப்யூட்டர் இருந்த திசைக்கே வராத மனிதர் அவர்.

"உள்ள இன்னொண்ணு ஓட மாட்டேன்னுதாமே. அதையும் பாத்துட்டுப் போ."

"அத அழிச்சிட்டுத்தாங்க..."

"அழிக்காம பண்ணு. காபி குடிச்சிட்டு நிதானமா பண்ணு."

பெரியம்மா தலை நிமிராமல் காபி போடப் போனாள். சென்டர்க்காரர் இந்தத் தடவை உட்கார்ந்தார். புரோகிராமுக்குள் எதை எதையோ திறந்து, மூன்று வட்டங்கள் வரிசையாக இருந்த ஒரு பக்கத்துக்கு வந்தார். எப்போதும் டயல் செய் என்பதில் புள்ளி இருந்தது. அதை எடுத்து, டயல் செய்யாதே என்பதில் வைத்தார். "அவ்ளோதான். இதுக்குப் போன் வேணாம், இருக்கற லைன்லயே போன்னு சொல்லியாச்சி" என்றார். அந்த ஒரு புள்ளிக்காக ஒரு வீடு ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்.

அவர் போன பிறகு பெரியம்மா படத்தை அழுத்தினாள். அமாவாசை என்பதால் தறிகள் ஓடவில்லை, வீடே நிசப்தமாக இருந்தது. கூச்சல் கிளம்பினால் முன்னறைக்குக் கேட்டுவிடுமே என்று பயந்து நான் கதவைச் சாத்தினேன். ஒரு சத்தமும் வரவில்லை. தபால்கள் மட்டும் மளமளவென்று இறங்கின. நான் கீழிருந்து எழுத்துக் கூட்டினேன். பெண் குழந்தை பிறந்து இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணி சுகம். குழந்தைக்குப் பெரியப்பாவின் மூக்கு என்று எழுதியிருந்தான்.

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை சர்க்கரை கொண்டுவந்து என் நாக்கில் போட்டாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போட்டாள். "பாப்பா, யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது, தெரியுதா" என்றாள். தெரியுது என்றேன். பகல் படையலுக்கு வடையும் பாயசமும் செய்தார்கள். அமாவாசைக்கு அது வழக்கம்தான் என்பதால், பெரியப்பா இலையில் விழுந்த பாயசம் எதற்கு என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பெரியம்மா அவருக்கு மட்டும் இரண்டாவது கரண்டியும் ஊற்றினாள்.

சாப்பிட்டு எழுந்ததும் பெரியப்பா நாற்காலியில் சாய்ந்து, போன் மேல் கை வைத்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

"உள்ள ரிப்பேர் ஆச்சா இல்லியா?"

"ஆய்டுச்சிங்க பெரியப்பா."

"போனு சிணுங்கலயே."

"இனிமே சிணுங்காதுங்க. அதுக்குப் போனே வேணாம்."

அவர் கையைப் போனிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் மடியில் போட்டுக்கொண்டார். "அப்ப வந்தா எப்படித் தெரியும்?" என்றார்.

இவ்வளவு பெரிய மனிதருக்கு விளக்கம் சொல்கிற யோகம் எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. சென்டர்க்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "அதோ அந்தப் பெட்டியில பச்ச விளக்கு மினுக்குனா வந்துகினு கீதுன்னு அர்த்தங்க."

அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா வந்துச்சி?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். "எனக்குத் தெரியாதுங்க பெரியப்பா" என்றேன். சர்க்கரையின் இனிப்பு இன்னும் வாயில் இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் பலகைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அந்த விளக்கு தபால் வந்தாலும் மினுக்கும், வராவிட்டாலும் மினுக்கும், கரண்டு போனால்தான் அணையும் என்பது எனக்கே பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் அன்று மதியமும், அதற்கு அடுத்த மதியங்களிலும் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை கூடிய பெட்டி ஆயிற்றே, யாரும் தொட்டுவிடக் கூடாது என்று காவல் இருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தபடி, நான் அடுத்த புத்தகத்துக்கு அட்டையை மடித்தேன்.