மோர் ஊற்றிய இரண்டு தொட்டிகள்

தங்கபாண்டி ஒரு செடியைக்கூடக் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. கடுமையெல்லாம் மனிதர்களிடம்தான். ராதாபுரம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவன், முடிந்த அடுக்குமாடி வீடுகளுக்கு மண்மூட்டை சுமந்து, அங்கே பால்கனிச் செடிகளைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகி, நாற்பது வயதில் ‘செடி டாக்டர்’ ஆகிவிட்டான். பையில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கத்தரி, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் பேனா மாதிரி ஒரு மீட்டர். அவன் ஆஸ்பத்திரி அவ்வளவுதான். மருந்துக்கடை என்னுடையது. அதே ஊரின் ஆரியசாலைக் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் நெல்லையப்பன் நான். அவன் வண்டவாளம் எனக்குத் தெரியும், என்னுடையது அவனுக்குத் தெரியும்.

போன ஜூன் மாதம் ஜானவி போன் செய்தாள். இந்த ஊர்க் கரமனையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண், பேச்சில் பாதி மலையாளம். கம்ப்யூட்டர் வேலை, பட்டம் என்கிற பகுதியில் ஒன்பதாம் மாடியில் வீடு. ஒரு படுக்கையறையில் கட்டிலை எடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்குக் கறுப்புத் துணிக் கூடாரம் நிறுத்தியிருந்தாள். உள்பக்கம் வெள்ளித்தாள், மேலே விளக்கு, ஓரத்தில் காற்றாடி, ஈரம் கக்கும் ஒரு பெட்டி. அதற்குள் பதினான்கு தொட்டிகளில் வெள்ளைத் திட்டு விழுந்த வெளிநாட்டு இலைச்செடிகள். அந்த வெள்ளைக்குத்தான் மவுசு. எவ்வளவு வெளுப்போ அவ்வளவு உசத்தி. இரண்டு மாதத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் புதுத் தொட்டிக்கு மாற்றிக் கொடுத்தது தங்கபாண்டி. போட்டது என் கடைத் தென்னைநார்த் தூள்.

“அண்ணாச்சி, செடியெல்லாம் கரிஞ்சு போறது. உங்க தூளு கேடுன்னு எனக்கு தோணுது. குரூப்பில போட்டோ இடாம்னு இருக்கேன். அதுக்கு மும்ப ரெண்டு பேரும் வந்து நோக்கணும்,” என்றாள்.

செடி வளர்க்கிற முந்நூறு பேர் இருக்கும் குரூப் அது. அதில் அந்தப் படம் விழுந்தால் என் கடைக்கும் அவன் டாக்டர் பட்டத்துக்கும் சேர்த்துச் சங்குதான். அடுத்த நாள் காலையிலேயே போய் நின்றோம்.

கதவைத் திறந்தவள் கோமதியம்மாள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். சமைத்துப் போட்டு அங்கேயே தங்குகிறவள். எங்கள் பேச்சைக் கேட்டதும் ஊரைப் பிடித்துவிட்டாள், அவளுக்கு வள்ளியூர். காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, கேட்காமலே சொன்னாள். மகன் குடித்துவிட்டு அடிப்பான். ஒருதடவை கையை ஒடித்துவிட்டான். இந்த வீட்டு ஸ்டோர்ரூமில்தான் நான்கு வருஷமாகப் படுக்கிறாள்.

“கதவுக்கு உள்ள தாப்பா இருக்கு அண்ணாச்சி. போட்டுட்டு நிம்மதியாத் தூங்குதேன். இந்த வீடு இல்லன்னா நான் அந்தப் பயகிட்டதான் போணும்.”

ஜானவி அறை வாசலில் நின்று பார்க்க, தங்கபாண்டி கூடாரத்தின் ஜிப்பை இழுத்தான். அவன் வேலை செய்யும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இலைக்கும் விளக்குக்கும் நடுவில் கையை நீட்டிச் சூடு பார்த்தான். காற்றாடியை நிறுத்திப் போட்டுப் பார்த்தான். ஒவ்வோர் இலையையும் பச்சைப்பிள்ளையைப் புரட்டுவதுபோலப் புரட்டி, அடிப்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பூச்சி தேடினான். பூச்சி இல்லை. இலைகள் நுனியிலிருந்து உள்நோக்கிக் கருகியிருந்தன. ஒரு செடியைத் தொட்டியோடு கவிழ்த்து எடுத்தான். வேர் நுனியெல்லாம் பழுப்பு. இன்னொரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிந்ததைத் தட்டில் பிடித்து மீட்டரை முக்கினான். ஒன்றரைக்குள் நிற்க வேண்டிய எண் ஐந்தைத் தொட்டது.

உப்பு. எண்ணை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவன் பார்த்தான். மீட்டரைத் துடைத்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டான்.

அது கழுவாத சரக்கு. கடல் உப்பு ஏறும் காயல் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையின் தூள், உப்பு நிற்கத்தான் செய்யும். கழுவிய சரக்கு கடையில் இல்லாததால் அதை அவன் தலையில் கட்டினேன். “மூணு தண்ணி மாத்தி அலசுடே” என்று சொல்லியும் அனுப்பினேன். சோம்பேறி, ஒரு தண்ணியோடு விட்டிருக்கிறான்.

மூலையில் இருந்த இரண்டு தொட்டிகள் மட்டும் வேறு மாதிரி நின்றன. இரண்டிலும் ஊசி மாதிரி சுருண்ட புதுத் துளிர். தங்கபாண்டி குனிந்து முகர்ந்தான். புளித்த வாடை.

“இதுல என்ன ஊத்துனீங்க?”

கோமதியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நாந்தான் தம்பி! மத்ததவிட இது ரெண்டும் ரத்தமே இல்லாம வெள்ள வெளேர்னு நின்னுச்சு. பாவமா இருந்துச்சு. நம்ம ஊர்ல கறிவேப்பிலைக்கு மோரு ஊத்துவோம்லா? மோர்ச்சட்டி கழுவுன தண்ணிய தினமும் ரெண்டு செம்பு ஊத்தி, கீழ வடியறதக் கொட்டிருவேன். பாருங்க, துளிர் விட்டிருக்கு!”

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மோர் ஒன்றும் செய்யவில்லை. தினமும் ஊற்றி வடித்ததில் உப்பு கழுவிக்கொண்டு போயிருக்கிறது. அவன் செய்யாமல் விட்ட வேலையை இவள் தெரியாமலே செய்திருக்கிறாள். ஜானவி அளந்து அளந்து ஊற்றிய மற்றப் பன்னிரண்டும் சாகின்றன.

“பிடி கெடச்சுட்டு மேடம்,” என்றான் தங்கபாண்டி. “மோருதான். புளிச்சு பூசணம் பிடிச்சிருக்கு. காத்தாடி சுத்துதுல்லா, இது ரெண்டுலருந்து எல்லாத்துக்கும் பரவிட்டு.”

ஜானவி சத்தம் போடவில்லை. “ஆரு பறஞ்சு உங்ககிட்ட இதெல்லாம் செய்ய, சேச்சி? மூணு வருஷம் வளர்த்த செடியாக்கும். இன்னைக்கே போயிக்கோங்க.”

கோமதியம்மாள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, நீங்க நம்ம ஊர்க்காரரு. ஒரு வார்த்த சொல்லுங்க.”

ஒரு வார்த்தை சொன்னேன். “தூள்ல குத்தமில்ல,” என்றேன். நாக்கு அழுகியிருக்க வேண்டும் எனக்கு. அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது.

மிச்சத்தை அலசிக் காப்பாற்றித் தருவதாகத் தங்கபாண்டி ஒப்புக்கொண்டான். அந்த இரண்டையும் எரிக்க வேண்டும் என்று சொல்லிச் சாக்கில் எடுத்துக்கொண்டான். எரிக்கவா செய்வான்? இன்று அவன் வீட்டில் அவை எட்டாகப் பெருகி நிற்கின்றன.

கீழே ஸ்கூட்டரில் சாக்கை வைத்துக்கொண்டிருந்தபோது கோமதியம்மாள் ஒரு துணிப்பையோடு இறங்கி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சாக்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

“துளிர் நல்லாத்தான இருக்கு தம்பி. அதுவுமா செத்துரும்?”

“சாவப்போற செடி கடைசியா ஒண்ணு விடும்,” என்றான் தங்கபாண்டி.

அவள் அதை நம்பினாள். வள்ளியூருக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் எப்போது பஸ் என்று கேட்டாள், சொன்னேன். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“தெரியாமச் செஞ்சுட்டேன் அண்ணாச்சி. என்னால உங்க கடைக்குல்லா கெட்ட பேரு வரப் பாத்துச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

“சரிம்மா, போனாப் போவுது,” என்று நான் அவளை மன்னித்தேன்.