தொடுதிரையும் ஏலக்காய்க் கடை பில்லும்

"வெரசா வாங்க. லேப்டாப்பு கெட்டுப்போச்சா, இல்ல இந்தப் பிள்ளைக்குக் கவனம் கெட்டுப்போச்சான்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

லேப்டாப் பழுதுபார்க்கிற எனக்குப் போன் போட்டுக் கத்தியவர் போடி பஜாரில் ஏலக்காய் மொத்த வியாபாரி. அவர் சொன்ன பிள்ளை மகேஸ்வரி, சிலமலையிலிருந்து பஸ்சில் வந்து பில் போடுகிறவள். முதலாளியின் மருமகன் தொடுதிரை லேப்டாப் ஒன்றை வாங்கித் தந்திருந்தார். அது கடைக்கு வந்ததிலிருந்து பில்லில் எடை இருக்க வேண்டிய இடத்தில் விலை. வடக்கத்தி வியாபாரிகள் போனிலேயே ஏசினார்களாம். மகேஸ்வரியை நிறுத்திவிடுவது என்று முதலாளி முடிவு கட்டியிருந்தார்.

"வேலை போனாப் போகுதுண்ணே. தப்பா பில்லு போடுறவன்னு பேராயிட்டா இந்த பஜார்ல எந்தக் கடையில என்னைய சேத்துக்குவாக?" என்றாள் அவள், நான் கடைக்குள் நுழைந்ததும். எனக்கு மனசு கேட்கவில்லை.

கீபோர்டு, டச்பேட், டிஸ்ப்ளே எல்லாம் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. "ஒரு பில் போடும்மா, பாப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் கண் எடைச் சீட்டில், விரல் கீபோர்டில். ஸ்கிரீனைப் பார்ப்பதே இல்லை, பழகிய கை அப்படித்தான். முதலாளி பின்னாலிருந்து குனிந்தார். "இந்தா, இந்த எடையப் பாத்துப் போடு ஆத்தா" என்று ஸ்கிரீனில் விரலை ஊன்றினார். விலைக் கட்டத்தில் இருந்த கர்சர் எடைக் கட்டத்துக்குத் தாவியது. அவள் அடித்த விலை அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மொதலாளி, இன்னொருக்கா காட்டுங்க."

காட்டினார். மறுபடியும் தாவியது. காய் உடைத்துத் தரம் பார்க்கிற அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, நாந்தானா? நான்பாட்டுக்கு இந்தப் பிள்ளைய வைஞ்சுட்டேனே!"

மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் செட்டிங்கில் போய் திரையின் தொடு வசதியை மட்டும் நிறுத்திவிட்டு, ஒரு மவுஸ் மாட்டிக் கொடுத்தேன். பேரனின் போட்டோக்களைப் பார்க்க முதலாளி தனியாக ஒரு டேப்லெட் வாங்கிக்கொண்டார். அதில் ஆசை தீரத் தொடலாம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அடித்துச் சொல்வேன். சும்மா பார்க்கிறவருக்குத் தொடுதிரை நல்ல வசதி. நாள் முழுக்க டைப் அடித்துப் பிழைக்கிறவருக்கு கீபோர்டும் மவுஸும் போதும். லேப்டாப் சிபாரிசு செய்யும்போது அதில் உட்காருகிறவரை மட்டும் பார்க்காதீர்கள், பின்னால் நிற்கிறவரையும் பாருங்கள்.

அடுத்த முறை போனபோது முதலாளி வழக்கம்போல ஸ்கிரீனில் விரலை ஊன்றிக்கொண்டிருந்தார். "ஏம்மா, இப்ப ஒண்ணும் தாவலையே?"

"தாவாது மொதலாளி. நல்லா அழுத்திக் காட்டுங்க" என்றாள் மகேஸ்வரி, எடைச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.