இருபதாவது விடைத்தாள்

என்னை நல்ல டீச்சர்னு யாராவது சொன்னா எனக்குச் சுருக்குன்னு கோவம் வரும். அடக்கம் கிடக்கம் எல்லாம் ஒண்ணும் இல்லை. செஞ்ச காரியம் அப்படி. முழுக்கச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே ரெண்டு திட்டு திட்டிக்கோங்க.

அப்போ எனக்கு இருபத்திமூணு வயசு. படிச்சு முடிச்சு ரெண்டு வருஷமா வேலை கிடைக்காம வீட்ல உக்காந்திருந்தேன். எங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "பட்டத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கோமே, அந்த ஆணிக்குக்கூட ஒரு வேலை இருக்குடி, உனக்குத்தான் இல்லை"ன்னு தினம் காலையில ஒரு தடவை சொல்லுவாங்க. அந்த நேரத்துலதான் முதியோர் கல்வி வகுப்புக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு நடந்த இடம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி. கீழே சலவைக்கூடம், மேலே தொழிலாளர் சங்கத்து ரூம். மத்தியானம் ரெண்டரைக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் இருபது பொம்பளைங்க மாடிப்படி ஏறி வருவாங்க. எல்லார் கையும் தண்ணியில ஊறி வெளுத்துப்போயிருக்கும். சலவைச் சோடா வாசனை ரூம் முழுக்க அடிக்கும். அஞ்சு நிமிஷம் பேசுவாங்க, பத்து நிமிஷம் படிப்பாங்க, அப்புறம் ஒருத்தி கொட்டாவி விட்டா இருபது பேருக்கும் தொத்திக்கும்.

அதுல ஒருத்தங்களுக்கு மடிப்பக்கான்னு பேரு. ஆஸ்பத்திரி பெட்ஷீட்டை நாலு மூலையும் சேர்த்து அவங்க மடிச்சா ஸ்கேல் வச்சுப் பார்த்தாலும் தப்பு சொல்ல முடியாது. வயசு நாப்பதுக்கு மேல. வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர், மாசத்துல பாதி நாள் ரோட்டுலதான் குடும்பம் நடத்துவார். ஒரே பொண்ணு, கட்டிக்கொடுத்தாச்சு. என்னை விட இருபது வயசு பெரியவங்க, ஆனாலும் என்னை வாய் நிறைய "டீச்சர், வாங்க போங்க"ன்னுதான் பேசுவாங்க.

"ஒரு மலை துணியைக் கொடுங்க டீச்சர், அரை நாள்ல அடுக்கிடறேன். இந்த எழுத்துதான் என் சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது"ன்னு சிரிப்பாங்க. கேலியும் சிரிப்புமா இருந்தாலும் ஒரு நாள் மட்டம் போட்டதில்லை. முதல் ஆளா வந்து முதல் பெஞ்சுல உக்காருவாங்க. ஆனா மெதுவா வரும். மத்தவங்க ஒரு பாடம் தாண்டினா இவங்க அரைப் பாடம். விடியக்காலையில எழுந்து எட்டு மணி நேரம் நின்னு வேலை செஞ்ச உடம்பு, என்ன பண்ணும்? இன்னும் ரெண்டு மூணு மாசம் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுத்திருந்தா கட்டாயம் வந்திருக்கும். அது எனக்கு அப்பவே தெரியும். அதான் இன்னும் உறுத்துது.

வகுப்பு ஆரம்பிச்ச பத்தாவது மாசம் பரீட்சை. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி திட்ட மேற்பார்வையாளர் வந்து எல்லா வகுப்பு டீச்சருங்களையும் கூட்டி வச்சு, "எந்த வகுப்புல நூத்துக்கு நூறு பேர் பாஸோ, அந்த டீச்சருக்குப் பள்ளிக்கூட வேலைக்கு நானே சிபாரிசு எழுதறேன்"னு சொன்னார். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

பத்தொன்பது பேர் தட்டுத் தடுமாறி எழுதிட்டாங்க. மடிப்பக்கா பேர் எழுதினாங்க, தெருப் பேர் எழுதினாங்க, முதல் கேள்விக்குப் பாதி எழுதினாங்க. மிச்சம் வெள்ளைத் தாள். அதை மூலைக்கு மூலை சேர்த்து அழகா மடிச்சு என் கையில கொடுத்துட்டு, "ஏதோ எனக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கேன் டீச்சர், பார்த்துக்கோங்க"ன்னாங்க. பார்த்துக்கிட்டேன். தாளையெல்லாம் மறுநாள்தான் ஒப்படைக்கணும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கிட்டு, அவங்க எழுத்து மாதிரியே கோணல் மாணலா மிச்சத்தை நானே எழுதினேன். சந்தேகம் வரக் கூடாதுன்னு வேணும்னே ரெண்டு தப்பு வேற போட்டேன். திருட்டுத்தனத்துல மட்டும் நான் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி பாருங்க!

இருபதுக்கு இருபது பாஸ். சான்றிதழ் வாங்கின அன்னைக்கு மடிப்பக்கா அழுதுட்டாங்க. "நான் எழுதினதுக்கா டீச்சர்?"னு ரெண்டு தடவை கேட்டாங்க. "உங்க உழைப்புக்குக்கா"ன்னு சொன்னேன். நாக்கு கூசவே இல்லை.

அதுக்கப்புறம் அவங்க நடையே மாறிப்போச்சு. அடுத்து வந்த தேர்தல்ல ஓட்டுப் போடப் போயிருக்காங்க. மேஜையில இருந்த பையன் பழக்க தோஷத்துல கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டியிருக்கான். "அதை உள்ள எடுத்து வை தம்பி. நான் கையெழுத்துக்காரி"ன்னு சொல்லிட்டு, வரிசை முழுக்க வேடிக்கை பார்க்க நிதானமா ஒவ்வொரு எழுத்தா கையெழுத்துப் போட்டிருக்காங்க. பின்னாடி நின்ன ஒருத்தர் "அம்மா, கதை எழுதறீங்களா?"ன்னு கேட்டதுக்கு, "ஆமா, நாப்பது வருஷக் கதை, கொஞ்சம் பொறு"ன்னாங்களாம். தெருவே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது.

தெருக் கமிட்டியிலயும் அவங்களைச் சேர்த்துக்கிட்டாங்க. தெரு விளக்கு எரியாததைப் பத்தி நகராட்சி உறுப்பினரையே நிக்க வச்சுக் கேள்வி கேட்டாங்க. ஒரு வாரத்துல விளக்கு வந்துச்சு. யாராவது மனுவைக் கொண்டுவந்து நீட்டினா, "கண்ணு எரியுதுடி, நீ சத்தமாப் படி, நான் கேக்கறேன்"னு சொல்லிடுவாங்க. கேட்டு முடிச்சதும் எங்கே ஓட்டைன்னு கரெக்டா பிடிச்சுடுவாங்க. படிக்கத்தான் வரலையே தவிர, அவங்க மூளையில பாதி எனக்கு இல்லை.

சரி, இதுல யாருக்கு என்ன நஷ்டம்னு நானும் என்னைச் சமாதானம் பண்ணிக்கிட்டிருந்தேன். ஆனா அடுத்த வகுப்பு ஆரம்பிச்ச முதல் வாரத்துல மடிப்பக்கா வாசல்ல வந்து நின்னாங்க. கையில அட்டை போட்ட புது நோட்டு.

"டீச்சர், நான் ஓரமா உக்காந்துக்கறேன். முதல்லேருந்து இன்னொரு தடவை கேட்டுக்கறேனே. பாஸாயிட்டேன், ஆனா புத்தகத்தைத் திறந்தா ஒண்ணும் பிடிபடலை."

மேற்பார்வையாளர் அந்த வாரம் வர்றதா இருந்தார். வந்து இவங்களை ஒரு வரி படிக்கச் சொன்னா என் குட்டு உடைஞ்சுடும். மடியில கனம் இருந்தா வழியில பயம்தானே.

"பாஸானவங்களுக்கு இடமில்லைக்கா. ரிஜிஸ்டர்ல ஏறாது"ன்னேன்.

"ஓ, அப்படி ஒரு சட்டமா? சரி, சட்டம்னா சட்டம்தானே"ன்னு சொல்லிட்டு அந்த நோட்டை இடுக்கிக்கிட்டுப் படி இறங்கிப் போனாங்க. ரிஜிஸ்டர்ல ஏறாதுங்கறது நிஜம்தான். ஓரமா ஒருத்தரை உக்கார வைக்க ரிஜிஸ்டர் எதுக்கு? பாவி, நான் அதைச் செய்யலை.

எனக்குப் பள்ளிக்கூட வேலை கிடைச்சுது. நாலு வருஷம் ஓடிப்போச்சு.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பள்ளிக்கூட கேட்டுல யாரோ தேடறாங்கன்னு வாட்ச்மேன் வந்து சொன்னார். போய்ப் பார்த்தா மடிப்பக்கா. வலது கையில முழங்கை வரைக்கும் கட்டு. இடது கையில ஒரு பழுப்புக் கவர்.

"என்னக்கா இது!"ன்னு பதறிட்டேன்.

"அது கிடக்கட்டும் டீச்சர். முதல்ல இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. தெருவுல யார்கிட்டயும் கொடுக்க முடியலை"ன்னாங்க.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்த விசாரணை நோட்டீஸ். சான்றிதழ் இருக்குங்கறதால ஒரு வருஷம் முன்னாடி அவங்களை மடிப்புலேருந்து ஸ்டீம் பிரஸ் மெஷினுக்கு மாத்தியிருக்காங்க. அந்த மெஷின்ல நிக்கறவங்களுக்குப் படிக்கத் தெரியணும்னு விதி. மெஷின்ல ஒரு வால்வு கெட்டுப்போய், மெக்கானிக் எச்சரிக்கை அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கார். இவங்க அந்த வால்வையே திறந்துட்டாங்க. கொதிக்கிற ஆவி கை மேல அடிச்சிருக்கு. 'எழுதப் படிக்கத் தெரிந்திருந்தும் எச்சரிக்கையை வேண்டுமென்றே அலட்சியம் செய்ததால், உங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது?' அப்படின்னு கேட்டிருந்தது. இருபத்திரெண்டு வருஷ வேலை. குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச மாதிரி.

"அட்டை தொங்கறதைப் பார்த்தேன் டீச்சர். எப்பவும் பக்கத்து மெஷின்காரி படிச்சுச் சொல்லுவா. அன்னைக்குன்னு அவ லீவு. நானும் விடலை, முதல் எழுத்து 'ப'ன்னு கண்டுபிடிச்சுட்டேன். அடுத்ததைப் பார்க்கறதுக்குள்ள துணி வண்டி வந்து நின்னுடுச்சு. ஏதோ மெஷினைத் துடைச்சாச்சுன்னு எழுதியிருக்கும்னு நெனச்சேன்."

கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். அங்கேயே, பிள்ளைங்க ஓடி விளையாடற சத்தத்துக்கு நடுவுல சொல்லிட்டேன். "அக்கா, அந்தப் பரீட்சையை நான்தான் எழுதினேன். நீங்க பாஸாகலை. விசாரணைக்கு வந்து அதைச் சொல்லிடறேன். படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சா உங்களை வேலையிலேருந்து எடுக்க முடியாது."

அவங்க என் கையிலேருந்து கவரை வாங்கிக்கிட்டாங்க. அப்புறம், "வேண்டாம் டீச்சர்"னாங்க.

"என்னக்கா சொல்றீங்க? வேலையே போயிடும்!"

"போனா நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்சுப் பிழைச்சுக்குவேன். கைநாட்டுன்னு ஊர் முழுக்கத் தெரிஞ்சா அந்தத் தெருவுல எப்படி நடப்பேன்? கமிட்டியில என் பேச்சை யார் கேப்பாங்க? நீங்க சொல்லவே கூடாது. என் மேல ஆணை."

இதுதான் எல்லாத்துலயும் அசிங்கமான இடம். அவங்க சொல்லாதீங்கன்னு சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. சொன்னா என் வேலைக்கும் ஆபத்து. நாலு நாள் அவங்க ஆணையைச் சாக்கா வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன். அவங்க மானத்தைக் காப்பாத்தறேனாம்! அஞ்சாம் நாள் காலையில போர்டுல எழுதக் கையைத் தூக்கினேன். முழங்கை வரைக்கும் கட்டுப் போட்ட கைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அன்னைக்குத்தான் விசாரணை. பாதி நாள் லீவு சொல்லிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரி ஆபீஸ்ல ஒரு நீளமான மேஜை. அதிகாரி, சலவைக்கூடத்து சூப்பர்வைசர், டைப் அடிக்கிற ஒருத்தர். எதிர்ல நாற்காலியில மடிப்பக்கா. கதவோரம் அவங்க கூட வேலை செய்யறவங்க கூட்டமா நின்னாங்க. அதுல என் வகுப்புல படிச்சவங்க ஏழெட்டுப் பேர். அதிகாரி அமைதியாத்தான் கேட்டார்: "அந்த அட்டையைப் படிச்சீங்களாம்மா?"

"படிச்சேன் சார். அவசரத்துல திறந்துட்டேன். தப்பு என் மேலதான்"னாங்க மடிப்பக்கா, தலையை நிமிர்த்திக்கிட்டு.

அவர் எழுதப் பேனாவை எடுத்தார். நான் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு உள்ளே போயிட்டேன். "இல்லை சார். அவங்களுக்குப் படிக்க வராது. நான் அவங்க டீச்சர். பரீட்சைத் தாளை நான்தான் எழுதினேன்."

"எனக்காகப் பொய் சொல்றாங்க சார்! நல்ல மனசு, அதான்!"ன்னு அக்கா எழுந்தே நின்னுட்டாங்க. என்னை அவங்க பார்த்த பார்வையை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அதிகாரி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அந்த எச்சரிக்கை அட்டையை எடுத்து அக்கா முன்னாடி வச்சார். "இதை ஒரு தடவை படிங்கம்மா."

அக்கா அட்டையைக் கிட்ட இழுத்துக்கிட்டாங்க. உதடு அசைஞ்சுது. "ப..."ன்னாங்க. நெத்தி வேர்த்துச்சு. "ப..." நான் மனசுக்குள்ள 'பழுது, பழுது'ன்னு கத்தறேன், அது அவங்களுக்குக் கேக்கவா போகுது? அட்டையை மெதுவா அவர் பக்கமே திருப்பித் தள்ளினாங்க.

"இவ்வளவுதான் சார் எனக்கு வரும். மிச்சத்தை டீச்சர் எழுதிட்டாங்க."

வேலை போகலை. படிக்கத் தெரியாதவங்களை அந்த மெஷின்ல நிறுத்தினதே தப்புன்னு எழுதி, கை ஆறினதும் பழையபடி மடிப்புக்கே போகலாம்னு முடிச்சுட்டாங்க. வாக்குமூலத்துல இடது கைப் பெருவிரலைப் பிடிச்சு மை தடவி வச்சாங்க. கதவுகிட்ட நின்னவங்க வழி விட்டாங்க. யாரும் கேலி பண்ணலை. "அடப் பாவமே"ன்னு ஒருத்தி மட்டும் சொன்னா. அதுக்குப் பதிலா நாலு அறை வாங்கியிருந்தா அக்காவுக்குச் சுலபமா இருந்திருக்கும்.

நான் பின்னாடியே போனேன். பஸ் நிக்கிற இடத்துல பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. பக்கத்துல உக்கார எனக்குத் தைரியம் வரலை, நின்னுக்கிட்டே இருந்தேன்.

"கமிட்டியிலேருந்து என் பேரை எடுத்துடச் சொல்லணும்"னாங்க, ரோட்டைப் பார்த்துக்கிட்டு.

"எதுக்குக்கா? விளக்கு வந்தது உங்க வாயால, சான்றிதழாலயா வந்துச்சு?"

இடது கையால கட்டைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

"அக்கா, நாளைக்கே என் வீட்டுக்கு வாங்க. முதல்லேருந்து சொல்லிக்கொடுக்கறேன். எத்தனை மாசம் ஆனாலும் சரி."

கட்டுப் போட்ட கையை மடியில தூக்கி வச்சுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. கோவம் இல்லை. கோவப்பட்டிருந்தா நான் கால்ல விழுந்திருப்பேன்.

"ஃபெயில்னு சொல்லியிருந்தா மறுநாளே திரும்பி வந்து உக்காந்திருப்பேனே டீச்சர். எனக்கு என்ன, அவமானமா? ஏன் சொல்லலை?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். உங்க மனசு நோகும்னு நெனச்சேன், மேலதிகாரி நெருக்கினார்னு ஆயிரம் சாக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. இன்னொரு பொய் சொல்ல என்னால முடியலை.

"இருபதுக்கு இருபது வேணும்னுதான்க்கா. எனக்கு வேலை வேணும்னு."

அக்கா தலையை ஆட்டிக்கிட்டாங்க. தூரத்துல பஸ் வர்றது தெரிஞ்சுது.

"அதனாலதான் இந்தப் பள்ளிக்கூட வேலை கிடைச்சுதா டீச்சர்?"ன்னாங்க.

"கிடைச்சுதுக்கா"ன்னேன்.